அறிவின் இயற்கணிதத்தில் கால் வழுக்கும் இடங்கள்

கும்பகோணத்தில் முதுநிலைக் கணித மாணவர்களுக்கு மோடல் தர்க்கம் சொல்லித் தருகிறேன்; 'அவருக்குத் தெரியும்' போன்ற சொற்களுக்குக் கணிதம் எழுதும் தர்க்கம் அது. அறிபவரை அதில் 'முகவர்' என்போம். 'முகவர்' என்றதும் காப்பீட்டு முகவரை நினைத்துக்கொள்வதைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆண்டுதோறும் விடைத்தாளில் வந்து விழும் மற்றத் தவறுகளை அப்படி விட முடியாது.

முதலில், எது மேல், எது கீழ் என்ற குழப்பம். "மேட்டூரில் நீர்மட்டம் 100 அடிக்கு மேல்" என்ற செய்தியிலேயே "90 அடிக்கு மேல்" என்பதும் அடங்கிவிடுகிறது. ஆகவே தகவல் லாட்டிஸில், அதாவது செய்திகளைத் தகவலின் அளவுப்படி மேல்கீழாக அடுக்கிய வரிசையில், 100 மேலே, 90 கீழே. அடியில் வெறுமை (ஒரு தகவலும் இல்லை), உச்சியில் முரண்பாடு. இரண்டு செய்திகளின் மீச்சிறு மேல் எல்லை, அதாவது இரண்டையும் அடக்கியவற்றில் மிகக் கீழே உள்ளது, 'அதுவும் இதுவும்'. கணங்களில் பழகிய கை அதைச் சேர்ப்பு என்று எண்ணி 'அல்லது' என்று எழுதிவிடும். நானே கரும்பலகையில் அப்படி எழுதி, பின்வரிசை மாணவி எழுந்து கேட்ட பிறகு அழித்திருக்கிறேன்.

இந்தத் தலைகீழ் இன்னோர் இடத்திலும் வந்து மாட்டும். மெக்கின்சியும் டார்ஸ்கியும் 1940களில் எஸ்4 என்ற மோடல் தர்க்கத்தை இடத்தியலோடு (டோபாலஜி) இணைத்தபோது, 'தெரியும்' என்று வாசிக்கக்கூடிய பெட்டிக்குறி (□) ஒரு கணத்தின் விளிம்பு நீக்கிய உட்புறமாக அமைந்தது. 2012-இல் நைட், பலமிடெஸ்ஸி, பனங்காடன், வலென்சியா நால்வரும் முன்வைத்த அமைப்பிலோ, அறிவு குரடோவ்ஸ்கியின் அடைப்புச் செயலி; விளிம்பை நீக்காமல் சேர்த்துக்கொள்ளும் வகை. ஏதோ ஒன்று அச்சுப்பிழை என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டும் சரி. தகவல் கூடக் கூடச் சாத்தியமான உலகங்கள் குறையும். வரிசை புரண்டால் உட்புறம் அடைப்பாகும்.

அடுத்தது, ஒருவருடைய 'வெளி'க்குள், அதாவது அவருக்கென்று உள்ள தகவல் இடத்துக்குள், இருப்பதை அவர் அறிந்தது என்று கொள்வது. ஒரு செய்தியை ஒருவர் வெளிக்குள் வைக்கும் வெளிச் சார்புக்கு இரண்டே விதிகள்: வெறுமை வெறுமையாகவே இருக்க வேண்டும், 'உம்' உடைந்து உள்ளே போக வேண்டும் ('அதுவும் இதுவும்' வெளியில் இருப்பதும், அது வெளியில், இது வெளியில் என்று தனித்தனியாக இருப்பதும் ஒன்றே). அதில் இருப்பது மெய்யா என்று யாரும் கேட்பதில்லை. "கல்லணையைத் திறந்தாயிற்று" என்பது லஸ்கரின் (மதகு பார்க்கும் பாசன ஊழியர்) வெளியில். "திறக்கவே இல்லை" என்பது திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடை விவசாயியின் வெளியில். இரண்டையும் சேர்த்தாலும் லாட்டிஸின் உச்சிக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை. அவரவர் வரப்புக்குள் அவரவர் பேச்சு. ஆனால் 'அறிந்தது மெய்' என்ற விதியைச் சேர்த்த மறுகணம் இரண்டும் வரப்பைத் தாண்டி வெளியே வந்து மோதும். மாணவர்கள் இந்த விதியைப் பழக்கதோஷத்தில் சேர்த்துவிட்டு, அமைப்பு ஏன் வெடித்தது என்று தேடுகிறார்கள்.

அதிகம் தடுக்குவது பொது அறிவில்தான்: எல்லோருக்கும் தெரியும், அது தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும், இப்படி முடிவின்றி. மடைக் காவலுக்கு இரண்டு பேர் சேர்ந்து போனால்தான் பயன், தனியாகப் போனால் அடிதடி. ஒருவர் "இரவு 2 மணிக்கு வா" என்று குறுஞ்செய்தி அனுப்புகிறார். "சரி" என்று பதில். அந்தச் 'சரி' போய்ச் சேர்ந்ததா என்று பதில் போட்டவருக்குத் தெரியாது. எனவே "உன் சரி கிடைத்தது" வேண்டும். அதற்கும் ஒரு பதில் வேண்டும். ஒவ்வொரு செய்தியும் 'அவருக்குத் தெரியும் என்று இவருக்குத் தெரியும்' என்ற ஏணியில் ஒரு படிதான் ஏற்றும். செய்தி தொலையக்கூடும் என்றால் எத்தனை பதில் அனுப்பினாலும் பொது அறிவு கிட்டாது. ஹால்பர்ன், மோசஸ் இருவரின் 1990 கட்டுரை இதை விரிவாக அலசுகிறது. 'எல்லோருக்கும் தெரியும்' என்ற சார்பை மூன்று முறை அடுக்கிப் பொது அறிவு என்று எழுதுபவர்கள் மூன்றாம் படியில் நின்றுவிட்டவர்கள். எல்லா அடுக்குகளின் மேல் எல்லைதான் வேண்டும். ஊர் நடுவில் தண்டோரா போட்டால் ஒரே தாவலில் அங்கே போய்விடலாம், எல்லோரும் கேட்பதை எல்லோரும் பார்ப்பதால். கூட்டத்தில் ஒருவருக்குக் காது மந்தம் என்று ஊருக்கே தெரிந்திருந்தால் அதுவும் போயிற்று.

'தெரியாது என்பது எனக்குத் தெரியும்' என்பதை அடைப்புச் செயலி தானாகத் தராது; அது எஸ்4-ஐவிட வலுவான எஸ்5 தர்க்கம் கேட்கும் கூடுதல் விதி.

கடைசியாக, பகிர்ந்த அறிவு. திறந்தாயிற்று என்று அண்ணனுக்குத் தெரியும். திறந்திருந்தால் நாளை நம் வாய்க்காலில் தண்ணீர் என்று தம்பிக்குத் தெரியும். நாளைத் தண்ணீர் வரும் என்பது தனியாக இருவருக்கும் தெரியாது, சேர்ந்தால் தெரியும். இதற்குச் சிலர் இரு சார்புகளின் மேல் எல்லையை எழுதுகிறார்கள். அது 'இருவருக்கும் தெரியும்'. புள்ளிக்குப் புள்ளி கீழ் எல்லை எடுத்தால் 'யாரோ ஒருவருக்குத் தெரியும்' என்றாகும், அது 'உம்' விதியையும் மீறும். இரண்டுக்கும் கீழே உள்ள வெளிச் சார்புகளில் மிகப் பெரியதுதான் விடை. கீழ் எல்லை வரை வந்தவர்களுக்கு நான் பாதி மதிப்பெண் போடுகிறேன்.