நுண்ணளவு உலோகப் பகுப்பாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீரில் ஈயம் எவ்வளவு, ஆர்சனிக் எவ்வளவு என்று அளக்கும் ஆராய்ச்சி மாணவர்கள், எண் சரியாக வராவிட்டால் முதலில் கருவியைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் பல நேரம், மாதிரி கருவிக்குள் போகும் முன்பே தவறு நடந்து முடிந்திருக்கும்.

பிளாங்க், அதாவது அளக்க வேண்டிய உலோகம் இல்லாத வெற்று மாதிரி, அதன் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரைக் கருவியில் ஓட்டிவிட்டு, அதையே பிளாங்க் என்று நோட்டில் எழுதிவிடுகிறார்கள். மாதிரி பட்ட பாடெல்லாம் பிளாங்கும் பட வேண்டும்: அதே பாட்டில், அதே நைட்ரிக் அமிலம், அதே வடிதாள், அதே சூடு. பூமியின் வயதைக் கணக்கிட விண்கற்களில் ஈயத்தை அளந்த கிளேர் பேட்டர்சனையே காற்றிலும் அமிலத்திலும் கண்ணாடியிலும் இருந்த ஈயம் படாத பாடு படுத்தியது. அது நுழையும் வழிகளைத் தேடித் தேடி அடைத்த பிறகே, 1956-ல் 455 கோடி ஆண்டுகள் என்ற கணக்கை அவர் வெளியிட்டார்.

மாதிரியை எடுத்து அப்படியே வைத்துவிடுவது இன்னொரு தவறு. அமிலம் சேர்த்து பி.எச். மதிப்பை 2-க்குக் கீழே கொண்டுவராவிட்டால் ஈயம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு நல்ல கருவியில் அளந்தாலும் குறைவாகத்தான் காட்டும்.

அளவு தெரிந்த கரைசல்களை (ஸ்டாண்டர்டுகள்) அளந்து போடும் கோட்டில் புள்ளிகள் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் ஆர் ஸ்கொயர் 0.999 வந்துவிட்டால் நிம்மதியாகிவிட வேண்டாம். 10 முதல் 1000 பி.பி.பி. (நூறு கோடியில் ஒரு பங்கு) வரை போட்ட கோட்டை மேல்முனைப் புள்ளிகள்தான் இழுத்துப் பிடித்திருக்கும். கோடு அடியில் 3 பி.பி.பி. விலகியிருந்தாலும் அந்த 0.999 அசையாது, ஆனால் 5 பி.பி.பி. உள்ள மாதிரியில் அது 60 சதவீதப் பிழை. மாதிரி எந்த அளவில் இருக்கிறதோ, அதைச் சுற்றியே ஸ்டாண்டர்டுகளைத் தயாரியுங்கள்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது உப்புநீரில் ஆர்சனிக் அளப்பதுதான். தனிமங்களை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில், அதிலுள்ள ஆர்கான் வாயுவின் ஆர்கான் 40-ம் உப்பின் குளோரின் 35-ம் சேர்ந்தால் நிறை 75. ஆர்சனிக்கின் நிறையும் 75. மாற்றி அளக்க அதற்கு வேறு நிலையான ஐசோடோப்பும் கிடையாது. தெரிந்த அளவு ஆர்சனிக்கைச் சேர்த்துப் பார்த்தால் மீட்பு, அதாவது சேர்த்ததில் திரும்பக் கிடைக்கும் பங்கு, அழகாக 100 சதவீதம் வரும். சரி, முறை சரிதான் என்று தோன்றும். ஆனால் குளோரைடு கூட்டிய பொய் ஆர்சனிக், சேர்க்கும் முன்பும் பின்பும் எடுத்த இரண்டு அளவீட்டிலும் சமமாக இருப்பதால், கழிக்கும்போது அது கண்ணில் படாமல் மறைந்துவிடுகிறது. மாதிரியிலேயே ஆர்சனிக்கைப் படிப்படியாகச் சேர்த்து அளக்கும் ஸ்டாண்டர்ட் அடிஷனும் இதைப் பிடிக்காது. இப்படி ஒட்டிச் சேர்ந்த அயனிகளை ஹீலியம் வாயுவோடு மோதவிட்டுத் தடுக்கும் ஹீலியம் மோதல் கலத்தைப் பயன்படுத்துங்கள். கூடவே, ஆர்சனிக் இல்லாத உப்புக்கரைசல் ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள். அதில் ஆர்சனிக் என்று எண் வந்தால் அது குளோரைடின் வேலை.