இரும்பும் கண்ணாடியும்: உங்கள் முதல் மினிமலிச (எளிய வடிவங்கள் மட்டும் கொண்ட) சிற்பம்

ஓர் அடித்தகடு. அதன் நடுவில் குறுக்காக நிற்கும் கண்ணாடிப் பலகை (முகம் பார்க்கும் கண்ணாடி அல்ல). கண்ணாடிக்குச் செங்குத்தாக, தொட்டும் தொடாமலும் ஓர் இரும்புத் தகடு. சிற்பம் இவ்வளவுதான். ஆனால் தகட்டின் பிம்பம் கண்ணாடியில் விழும்போது, இரும்பு கண்ணாடியை ஊடுருவி மறுபக்கம் போவதுபோல் தெரியும். அதற்காகத்தான் இத்தனை வேலையும். அலங்காரம் எதுவும் இல்லாததால் சிறு கோணலும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

வெல்டிங் தெரியாதே என்று தயங்க வேண்டாம். அமெரிக்கச் சிற்பி டொனால்ட் ஜட் 1964 முதல் வரைபடத்தைக் கொடுத்துத் தகரப் பட்டறையில்தான் செய்து வாங்கினார். கிருஷ்ணகிரியில் கேட், கிரில் செய்யும் பட்டறையிலேயே இது முடியும்.

முதலில் அட்டையில் முழு அளவில் வெட்டி நிறுத்திப் பாருங்கள். நம் மாவட்டத்து மல்லசந்திரத்தில் உள்ள பழங்கால ஈமச் சின்னங்களான கல்திட்டைகளை ஒருமுறை போய்ப் பார்ப்பதும் நல்லது. வெறும் பலகைக் கற்கள், நிற்கும் விதத்திலேயே எவ்வளவு கனம் காட்டுகின்றன!

பட்டறைக்கான அளவு: அடித்தகடு 300 × 200 மி.மீ., 10 மி.மீ. கனம். நிற்கும் தகடு 360 மி.மீ. உயரம், 120 அகலம், 8 கனம். கண்ணாடி நிற்கும் பள்ளத்துக்கு 25 × 6 பிளாட் (பட்டையான இரும்புக் கம்பி), 200 மி.மீ. நீளத்தில் இரண்டு. பிளாட் இடிக்காமல் இருக்க, நிற்கும் தகட்டின் கண்ணாடிப் பக்கக் கீழ்மூலையில் 26 உயரம், 6 அகலத்துக்கு வெட்டிவிடச் சொல்லுங்கள்.

பிளாட் இரண்டையும் அடித்தகட்டின் நடுவில் குறுக்காக, 25 மி.மீ. பக்கம் உயரமாக இருக்கும்படி நிறுத்த வேண்டும்; இரண்டுக்கும் நடுவே 14 மி.மீ. இடைவெளி வேண்டும். அந்தக் கனத்தில் ஓர் இரும்புத் துண்டை இடையில் கொடுத்து, பிளாட்டுகளையும் நிற்கும் தகட்டையும் அடித்தகட்டோடு முதலில் டேக் (சிறு புள்ளி வெல்டிங்) மட்டும் போடச் சொல்லுங்கள். வெல்டிங் ஆறும்போது சுருங்கித் தகட்டைத் தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கமாக முழுசாக அடித்தால் தகடு சாய்ந்துவிடும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். இந்த இடத்தில் அவசரப்படுத்தவே கூடாது.

அப்புறம் கிரைண்டிங், துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பிரைமர், மேலே மேட் கறுப்பு.

கண்ணாடி கடைசியில்தான். வெல்டிங், கிரைண்டர் பொறிகள் பட்டால் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும், துடைத்தால் போகாது. பெயின்ட் காய்ந்தபின் பள்ளத்தை மறுபடி அளந்து, 10 மி.மீ. கனத்தில் 200 × 400 டஃபன்ட் (சூடாக்கி வலுவேற்றிய) கண்ணாடிக்கு ஆர்டர் கொடுங்கள். லேசான சாம்பல் நிறம் எடுத்தால் பிம்பம் நன்றாக விழும். விளிம்பு பாலிஷை முன்பே சொல்லிவிடுங்கள். டஃபன் செய்தபின் வெட்டவோ துளையிடவோ முடியாது, உடைந்து நொறுங்கிவிடும்.

பள்ளத்தின் அடியிலும் இருபுறமும் 2 மி.மீ. ரப்பர் பட்டை. இரும்பு நேராகக் கண்ணாடியைத் தொடக் கூடாது. கண்ணாடி இரண்டு கிலோ இருக்கும். கையுறை போட்டு இருவராக இறக்குங்கள். தகட்டுக்கும் கண்ணாடிக்கும் 3 மி.மீ. இடைவெளி நின்றால் சரி. பள்ளத்தின் மேல்விளிம்பில் மெல்லியதாக நியூட்ரல் சிலிக்கான் பசை கொடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை இரும்பை அரிக்கும். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டு, ஜன்னல் வெளிச்சம் தகட்டின் மேல் விழும்படியும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டாக இருக்கும்படியும் வையுங்கள்.