உயில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை: சாட்சிக் கையெழுத்து முதல் பட்டா மாற்றம் வரை

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில், தமிழிலேயே, கையாலோ தட்டச்சிலோ எழுதலாம். பதிவும் கட்டாயமில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 63ஆம் பிரிவு விட்டுக்கொடுக்காமல் கேட்பது எழுதியவரின் கையெழுத்தையும் இரண்டு சாட்சிகளையும்தான். வழக்கு என்று வந்தால் பல உயில்கள் சாட்சி விஷயத்தில்தான் விழுகின்றன.

ஒவ்வொரு சாட்சியும் எழுதியவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் வாயாலேயே கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் கண்ணெதிரே சாட்சி கையெழுத்திட வேண்டும். தாளை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கினால் உயில் செல்லாது. இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து முடிப்பதே நல்லது. கடைசியில் இப்படி எழுதுங்கள்: "மேற்படி உயிலை எழுதியவர் எங்கள் இருவர் முன்னிலையில் கையொப்பமிட்டார்; அவர் முன்னிலையில் நாங்களும் சாட்சிக் கையொப்பமிட்டோம்." கீழே சாட்சிகளின் முழுப்பெயர், தந்தை பெயர், முகவரி, தேதி.

உள்ளே எழுதியிருப்பது சாட்சிகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் உயிலை நிரூபிக்க, உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்லியாக வேண்டும். அதனால் உங்களைவிட வயதில் இளையவர்களைத் தேர்ந்தெடுங்கள். சொத்து பெறுபவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சி போட வேண்டாம். கிறிஸ்தவர்களின் உயிலில் அப்படிப் போட்டால் அவருக்கு எழுதிவைத்த பங்கே செல்லாமல் போகும். இந்துக்களுக்கு அந்த விதி இல்லை என்றாலும் நீதிமன்றத்தின் சந்தேகத்துக்கு இடம் கொடுப்பானேன்?

சொத்து பெறுபவரே முன்னின்று எழுதவைத்தது, காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளையை ஒதுக்கியது, நோய்ப்படுக்கையில் கையெழுத்து வாங்கியது ஆகியவற்றை நீதிமன்றம் சந்தேகத்துக்குரிய சூழ்நிலையாகப் பார்க்கும். ஒருவருக்குப் பங்கு இல்லையென்றால் "மகளுக்கு ஏற்கெனவே இன்ன வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டேன்" என்பதுபோல ஒரு வரியில் காரணம் எழுதுங்கள். முதியவர் என்றால் அன்றைய தேதியிட்ட மருத்துவர் சான்று கைகொடுக்கும். பதிவு செய்வதும் நல்ல ஆதாரம்தான். ஆனால் பதிவு செய்த உயிலைப் பிறகு எழுதிய பதிவில்லாத உயிலும் ரத்து செய்துவிடும். கடைசியாக முறைப்படி எழுதியதே செல்லும்.

சொத்து விவரத்தில் "ஊரில் உள்ள நிலம்" என்று மொட்டையாக எழுதாமல் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை, மூலப்பத்திர எண் எல்லாம் வேண்டும். விட்டுப்போனவையும் இனி வாங்கப்போகிறவையும் யாருக்கு என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். அது இல்லாவிட்டால் அந்தச் சொத்து மட்டும் உயில் இல்லாததுபோல வாரிசுகளுக்குப் பிரியும். இந்து ஆண் ஒருவருக்கு மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். தந்தை அதில் இல்லை. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். முஸ்லிம்களுக்கு விதி வேறு: கடனும் அடக்கச் செலவும் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத வாரிசுகளின் சம்மதம் தேவை.

வங்கிக் கணக்கில் நாமினி போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், உரிமையாளர் அல்லர். நிறுவனப் பங்குகள் பற்றி உச்ச நீதிமன்றம் 2023இல் இதைத்தான் சொன்னது.

மைனருக்கு நேரடியாக வீட்டை எழுதினால், அவசரத்துக்கு விற்கக்கூட நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டிவரும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு 18 வயதுக்குப் பிறகும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இந்த இரண்டுக்கும், பிள்ளைக்காகச் சொத்தை நம்பிக்கையான ஒருவர் (டிரஸ்டி) பொறுப்பில் வைக்கும் டிரஸ்டை உயிலிலேயே ஏற்படுத்துவது உத்தமம்: டிரஸ்டி யார், அவருக்குப் பின் யார், எதற்குச் செலவழிக்கலாம், விற்க அதிகாரம் உண்டா, எப்போது முடியும் என்று தெளிவாக எழுதுங்கள்.

அசல் உயிலை நிறைவேற்றுநரிடம் (உயிலில் சொன்னபடி செய்துமுடிக்க நீங்கள் நியமித்தவரிடம்) கொடுங்கள், அல்லது மூடிய உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படையுங்கள். உங்கள் கையில் கடைசியாக இருந்த அசல் காணாமல் போனால், நீங்களே கிழித்துப்போட்டதாகக் கருத இடமுண்டு.

இறப்புக்குப் பின் முதலில் வாங்க வேண்டியது இறப்புச் சான்று. அடுத்து வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று. உயிலின் நகலோடு இவற்றை இணைத்துப் பட்டா மாற்றத்துக்கு மனு கொடுக்கலாம். மற்ற வாரிசுகள் ஆட்சேபித்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. புரோபேட், அதாவது உயிலுக்கு நீதிமன்றம் தரும் சான்று, வாங்கினால் உயில் உண்மையானது என்பது மட்டும் உறுதியாகும். எழுதியவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருந்ததா என்பதை அது தீர்மானிக்காது. பங்கு பிரிக்கும் முன் இறந்தவரின் கடனை அடையுங்கள். வாரிசுகள் பொறுப்பேற்பது பெற்ற சொத்தின் மதிப்பு வரைதான். கையிலிருந்து போட்டுக் கட்டச் சொல்லிக் கடன்காரர் நெருக்க முடியாது, நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர.