முதல் பல்புதான் அதிகம் எரியுமா? ஒளி, மின்சாரம் நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே மாதிரி இரண்டு டார்ச் பல்புகளைத் தொடரிணைப்பில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, பேட்டரி செல்லை இணைப்பதற்கு முன் பத்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்: "எது அதிகமா எரியும்?" "முதல் பல்புதான் சார். அது கரண்ட்டை எடுத்துக்கும், மிச்சம்தான் அடுத்ததுக்கு." இதைச் சொல்வது ஓம் விதியை (மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடும்) மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளைதான். உண்மையில் இரண்டு பல்பும் ஒரே அளவாகத்தான் எரியும்.

வேலூர்ப் பக்கம் பல வருஷம் இயற்பியல் நடத்திய எனக்கு இது தாமதமாகத்தான் உறைத்தது. பிள்ளைகள் வீட்டுப் பேச்சிலேயே ஒரு இயற்பியலைக் கற்றுக்கொண்டுதான் வகுப்புக்கு வருகிறார்கள். போனில் சார்ஜ் தீர்ந்துபோச்சு, கரண்ட் பில் வந்திருக்கு, யார் கண்ணு பட்டுதோ. இதை விசாரிக்காமல் நேரே சூத்திரத்துக்குப் போவதுதான் நாம் செய்கிற முதல் தவறு.

அடுத்தது, மின்னோட்டத்தைத் தொட்டியிலிருந்து குழாயில் ஓடும் தண்ணீரோடு ஒப்பிடும் தண்ணீர்த் தொட்டி உவமை. நானும் அதைத்தான் சொல்லி வந்தேன். ஆனால் பாலாறு வறண்டு கிடப்பதையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் தீர்ந்துபோகிற பொருள். தொட்டி காலியாவதைப் போல மின்னோட்டமும் பல்பில் காலியாகிறது என்று அது நினைப்பதில் என்ன ஆச்சரியம்? இப்போதெல்லாம் சைக்கிள் செயினைத்தான் காட்டுகிறேன். பெடலை மிதித்தவுடன் பின்சக்கரம் சுற்றுகிறது. செயின் எங்கேயும் தேய்ந்து மறைவதில்லை, சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது ஆற்றல். எலக்ட்ரான்கள் கம்பியில் ஆமையை விட மெதுவாக நகர்ந்தாலும், சுவிட்ச் போட்டவுடன் பல்பு ஏன் எரிகிறது என்பதற்கும் இதே செயின் உதவும். மின்னோட்டம் கிளை பிரிந்து ஓடும் பக்க இணைப்புக்கு மட்டும் இது ஒத்துவராது. அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது.

சொன்னால் மட்டும் போதாது. பல்புக்கு முன்னால் ஒரு அம்மீட்டர் (மின்னோட்டத்தை அளக்கும் கருவி), பின்னால் ஒரு அம்மீட்டர் வையுங்கள். இரண்டும் ஒரே அளவைக் காட்டும்போது வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாகிவிடும். அம்மீட்டரைத் தப்பித் தவறியும் செல்லுக்கு நேர் குறுக்கே மாட்டிவிடாதீர்கள். அதன் மின்தடை மிகக் குறைவு, முள் ஓரத்தில் போய் இடிக்கும்.

டார்ச் பல்பு கிடைக்கவில்லை என்று எல்.இ.டி. வாங்கி வருகிறவர்களும் உண்டு. வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும், ஒற்றை செல்லில் எரியாது. திருப்பி மாட்டினாலும் எரியாது. ஓம் விதிக்கும் கட்டுப்படாது. பாடம் குழம்புவதற்கு வேறென்ன வேண்டும்?

கரண்ட் பில் விஷயத்தையும் ஒருமுறை உடைத்துப் பேசிவிடுங்கள். பில்லில் இருக்கும் யூனிட் மின்னோட்டம் அல்ல, ஆற்றல். 100 வாட் பல்பு 10 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல். வீட்டு பில்லைக் கொண்டுவரச் சொன்னால் பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

சரி, ஒளிக்கு வருவோம். இங்கேயும் மொழிதான் முதல் சிக்கல். பார்வையை வீசுகிறோம், கண் படுகிறது என்கிறோம். அதனால் பிள்ளை படம் வரைந்தால் அம்புக்குறி கண்ணிலிருந்து கிளம்பிப் பொருளுக்குப் போகும். "கும்மிருட்டு அறையில் கொஞ்ச நேரம் நின்றால் பூனை தெரியுமா?" என்று கேளுங்கள். "கண்ணு பழகிடும் சார், தெரியும்" என்பார்கள். ஓட்டு இடுக்கு வழியாகக்கூட வெளிச்சம் வராத அறையை அவர்கள் பார்த்ததே இல்லை. துளி ஒளியும் இல்லையென்றால் எவ்வளவு நேரம் நின்றாலும் பூனை தெரியாது.

ஆடி, லென்ஸ் கணக்குகளில் எந்தத் தூரத்துக்குக் கூட்டல் குறி, எதற்குக் கழித்தல் குறி என்கிற குறியீட்டு மரபில் தவறு வருவது பயிற்சியில் சரியாகிவிடும். லென்ஸின் 20 செ.மீ. குவியத் தூரத்தை மீட்டருக்கு மாற்றாமல், ஒன்றை அதால் வகுத்துத் திறன் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். 5 டையாப்டர் என்பதற்கு 0.05 என்று எழுதி மதிப்பெண் இழப்பார்கள், அவ்வளவுதான்.

குழி ஆடி (உள்பக்கம் குழிந்த கண்ணாடி) என்றால் ஷேவிங் கண்ணாடி, பல் டாக்டர் என்று இரண்டே உதாரணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய வட ஆற்காட்டுக்குள்ளேயே, ஜவ்வாது மலையில் காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள குழி ஆடியோடு வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது.

என் பெரிய தவறு கதிர்ப் படத்தில்தான். லென்ஸ் படத்தில் எப்போதும் இரண்டே கதிர்கள் வரைவேன். படம் வரைய வசதியாக நாம் தேர்ந்தெடுத்தவை அவை, உண்மையில் கதிர்கள் எண்ணற்றவை என்று சொல்லவே மாட்டேன். ஒருநாள் ஜன்னல் வழியாகத் தெரிந்த பாறை மலையைக் குவிலென்ஸால் வெள்ளைத் தாளில் விழவைத்தோம். (சூரியனை வைத்து இதைச் செய்யாதீர்கள், தாளும் எரியும், கண்ணும் போகும்.) தலைகீழாக மலை விழுந்ததும் ஒரே கூச்சல். "லென்ஸில் பாதியை மூடினால்?" என்றேன். பாதி மலை போய்விடும் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். ஒருத்தி அட்டையால் மூடினாள். மலை முழுசாக அப்படியே இருந்தது, கொஞ்சம் மங்கலாக.

"அப்போ நீங்க போட்ட ரெண்டு கோடு, சார்?" என்றாள்.