ஆர்எக்ஸ் 100 எஞ்சினை உண்மையான 100 சிசி ஆக்குவது எப்படி?

யமஹா ஆர்எக்ஸ் 100 பெயரில்தான் 100. எஞ்சின் 98 சிசி. பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம், அதாவது போர், 50 மி.மீ. அது ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், அதுவும் 50 மி.மீ. சென்டிமீட்டரில் கணக்குப் போடுங்கள்: 2.5 × 2.5 × 3.14 × 5. விடை 98 வரும். இப்போது போரை அரை மி.மீ. மட்டும் கூட்டி 50.5 ஆக்கினால் 100.1 சிசி. பேருக்கேற்ற எஞ்சின் ஆகிவிடும்.

இதைத்தான் ஓவர்சைஸ் போரிங் என்கிறோம். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி என்பதால் போர் தேய்ந்துதான் இருக்கும். 2 சிசி கூடுவதால் மட்டும் வண்டி பறக்காது. தேய்ந்த சுவரில் கசிந்துகொண்டிருந்த கம்ப்ரஷன் திரும்பக் கிடைக்கும், பழைய இழுவை வரும்.

ஆர்எக்ஸ் 135-இன் பிளாக்கை (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஆர்எக்ஸ் 135-இலும் ஸ்ட்ரோக் அதே 50, போர் 58. அதனால் 132 சிசி. பிளாக், பிஸ்டன், ஹெட் மூன்றையும் மாற்ற வேண்டும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டும் மாறும். பெரிய ஸ்லீவ் (பிளாக்கின் உள்சுவராக இருக்கும் குழல்) இறங்குவதற்கு, அடியில் உள்ள எஞ்சின் கூடான கிராங்க் கேஸின் வாயையும் கடைய வேண்டியிருக்கும். எஞ்சின் நம்பர் அடித்திருப்பது அந்தக் கிராங்க் கேஸில்தான். ஒருமுறை கடைந்தால் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. ஆர்சி புத்தகத்தில் உள்ள சிசிக்கு மாறாக எஞ்சினை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழும் வரும். ஒரிஜினல் எஞ்சின் நம்பரோடு ஒரு ஆர்எக்ஸ் 100 உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அந்தக் கிராங்க் கேஸில் கை வைக்காதீர்கள். முதல்முறை செய்பவருக்கு ஓவர்சைஸே சரியான வழி.

1. கழற்றிப் பார்ப்பது

சைலன்சர், கார்புரேட்டர், ஆயில் பம்ப்பிலிருந்து வரும் குழாய், பிளக் ஒயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிளாக்கைத் தூக்கியதும் கிராங்க் கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். பிஸ்டன் பின்னின் லாக் உள்ளே விழுந்தால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டிவரும்.

பிஸ்டன் தலையில் உள்ள கார்பனைச் சுரண்டுங்கள். 25, 50, 75, 100 (மி.மீ.யில் நூறில் இத்தனை பங்கு) என்று ஏதாவது எண் தெரிந்தால் முன்பே அந்த அளவுக்குப் போரிங் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். எண் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஸ்டாண்டர்டு. 100 ஏற்கெனவே போட்டிருந்தால் இனிப் போரிங் இல்லை, புது ஸ்லீவ்தான்.

2. பிஸ்டன் வாங்குவது

முதலில் பிஸ்டன், அப்புறம்தான் போரிங். இந்த வரிசை மாறவே கூடாது. 0.50 ஓவர்சைஸ் என்று பெட்டியில் இருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனும் நூலளவு வேறுபடும். கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து அதற்கேற்பக் கடைய வேண்டும். ரிங், பின், லாக், நீடில் பேரிங், கேஸ்கட் எல்லாம் புதிதாக வாங்குங்கள்.

3. லேத் பட்டறையில்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மி.மீ.யில் நூறில் சில பங்கு. பிஸ்டன் பெட்டியில் அல்லது அதனுள் உள்ள தாளில் போட்டிருக்கும் அளவைப் பட்டறைக்காரரிடம் காட்டுங்கள். பிஸ்டனை மைக்ரோமீட்டரால் பாவாடைப் பகுதியில் (பிஸ்டனின் கீழ்ப்பக்கம்), பிஸ்டன் பின்னின் துளைக்குக் குறுக்குத் திசையில் அளக்க வேண்டும். தலைப்பக்கம் அளந்தால் தப்பு, ஏனென்றால் சூட்டில் விரிவதற்காக அந்த இடம் சிறியதாகவே இருக்கும். போரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், இரண்டு திசையில் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் முதல் பிளாக்கை ஒரு பட்டறையில் கண்ணளவில் கடைந்து கொடுத்தார்கள். பிஸ்டனைக் கையால் விட்டுப் பார்த்து ‘சூப்பரா இருக்கு’ என்றார்கள். பன்னிரண்டாவது கிலோமீட்டரில், பைபாஸில், எஞ்சின் ஓசை சட்டென்று அடங்கி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்ச்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். கழற்றிப் பார்த்தபோது சுவரில் வெள்ளிப் பூச்சு மாதிரி அலுமினியம் இழுவி இருந்தது. இடைவெளி போதவில்லை. அன்றிலிருந்து அளவைத் தாளில் எழுதி வாங்காமல் பிளாக்கை எடுத்துவருவதில்லை.

கடைந்த பிறகு ஹோனிங் செய்ய வேண்டும். சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல் தெரியும், எண்ணெய் அதில்தான் தங்கும். இன்னொன்று, பல பட்டறைகளில் விட்டுப்போவது: சுவரில் பெட்ரோல் கலவையும் புகையும் போய்வரும் ஓட்டைகளான போர்ட் வாய்களின் ஓரம் கடைந்ததும் கத்தி மாதிரி கூராகிவிடும். ரிங் அதில் மாட்டினால் உடையும். விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தோலைப் பிடித்தால் மெல்லிய அரத்தால் ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்கள்.

4. மாட்டுவது

பிளாக்கைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) தடவுங்கள். வெறும் பெட்ரோலில் அலசினால் ஹோனிங் தூள் போகாது. வெள்ளைத் துணியால் துடைத்துக் கறுப்பு ஒட்டாமல் போகும்வரை கழுவ வேண்டும்.

ரிங்கை மட்டும் போருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, இரண்டு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். இடைவெளியே இல்லையென்றால் சூட்டில் முனைகள் முட்டிக்கொள்ளும்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்தில் ஒரு சின்னக் குத்தூசி இருக்கும், ரிங்கின் முனைகள் அதன் இரு பக்கமும் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பிளாக் இறங்காது. தட்டி இறக்கினால் ரிங் போய்விடும். கையால் அழுத்தியே இறங்கும், பொறுமையாகச் செய்யுங்கள்.

ஆயில் குழாயைக் கழற்றியதால் அதில் காற்று புகுந்திருக்கும். பம்ப்பின் காற்றை எடுத்து, குழாயில் குமிழ் இல்லாமல் ஆயில் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே உதையுங்கள்.

5. ஓட்டிப் பழக்குவது

முதல் டேங்கில் பம்ப் ஓடினாலும் லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயில் பெட்ரோலில் கலந்துகொள்ளுங்கள். புகை அதிகம் வரும், பரவாயில்லை. முதல் நாள் பத்து நிமிடம் ஓட்டி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். 500 கிலோமீட்டர் வரை முழு ஆக்சிலேட்டர் வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போகவும் வேண்டாம். பின்னால் ஆள் ஏற்றாதீர்கள்.

50.5 போருக்கு ஜெட் மாற்றத் தேவையில்லை. ஆனாலும் 100 கிலோமீட்டர் ஆனதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் நுனி காபி நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு கார்புரேட்டர் ரப்பரையும் கேஸ்கட்டையும் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஹெட் நட்டுகளையும் ஒருமுறை இறுக்கம் சரிபார்த்துவிடுங்கள்.