காட்டுத்தீ நேரத்தில் சிறு விமானம்: தீயணைப்பு விமானங்களுக்கு விலகிப் பறப்பது எப்படி?

கலிபோர்னியாவில் தனியார் விமானி உரிமம் வாங்கிய என் அக்காள் மகன் விடுமுறைக்குக் கானாடுகாத்தான் வந்திருந்தபோது, "புகைக்குள் போகாமல் இருந்தால் போதாதா அம்மான்?" என்று கேட்டான். பட்டாலையில் அவனுடைய வரைபடத்தை விரித்துவைத்து நான் சொன்ன விடையைப் புதிதாகப் பறக்கத் தொடங்குவோருக்காக இங்கே எழுதுகிறேன். எண்கள் அமெரிக்க நடைமுறைக்கு உரியவை.

முதலில் விமானிகளுக்காக வெளியிடப்படும் நோட்டாம் அறிவிப்புகளைப் பாருங்கள். முந்தைய இரவு பார்த்தது போதாது; தீ நகர நகர, அதைச் சுற்றி விதிக்கப்படும் தற்காலிகப் பறப்புத் தடையின் எல்லையும் உயரமும் மாறும் என்பதால், எஞ்சினை முடுக்குவதற்குச் சற்றுமுன் மறுபடியும் பார்க்க வேண்டும்.

அடுத்து, தீ எரியும் இடத்தைச் சுற்றி இரண்டு வட்டங்கள் போடுங்கள். தடை பெரும்பாலும் 5 கடல் மைல் ஆரமும் தரையிலிருந்து 2,000 அடி உயரமும் கொண்டதாகத் தொடங்கும்; பெருந்தீ என்றால் அளவும் வடிவமும் வேறாகும். காரைக்குடி பேருந்து நிலையத்தை மையமாகக் கொண்டால் கோவிலூரும் கோட்டையூரும் இந்த வட்டத்துக்குள் அடங்கும், தேவகோட்டை வெளியே நிற்கும். இரண்டாவது வட்டம் 12 கடல் மைல். அந்தத் தொலைவில்தான் தீயணைக்க வரும் விமானங்கள், தீக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் மேற்பார்வை விமானத்தை வானொலியில் அழைக்கின்றன. மறுமொழி கிடைக்காதவை 7 கடல் மைலைத் தாண்டாமல் வெளியே வட்டமடிக்கின்றன. ஆகவே தடையின் விளிம்பை ஒட்டிப் பறப்பவர் விதியை மீறாமலே அவற்றின் நடுவில் போய் மாட்டிக்கொள்வார். ஐந்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அச்சிட்ட வரைபடத்தில் பெரிய வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். காப்பி டபராவைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் சுற்றினோம், சரியாக இருந்தது.

புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது தண்ணீரை. நம்மூர் ஊருணியில் குடத்தை முக்கி மொள்வதுபோல, ஹெலிகாப்டர் தொங்கும் வாளியை ஏரியில் முக்கி எடுக்கிறது. 2024 மார்ச்சில் குன்னூர்ப் பக்கம் காட்டுத்தீ பரவியபோது விமானப்படை ஹெலிகாப்டர் இப்படித்தான் தண்ணீர் கொண்டுபோனது. சி.எல்.-415 என்ற தீயணைப்பு விமானமோ ஏரிப் பரப்பை உரசிக்கொண்டே ஓடி, 12 நொடியில் சுமார் 6,000 லிட்டரை நிரப்பிக்கொண்டு எழும்பும். அந்த ஏரி இரண்டு வட்டங்களுக்கும் வெளியே இருக்கலாம். தீக்கு அருகிலுள்ள ஒவ்வொரு நீர்நிலையையும் குறித்து, அங்கிருந்து தீ வரை கோடு இழுத்து, அந்தக் கோட்டைக் கடக்காத பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

பறக்கும்போது வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருடன் தொடர்பில் இருந்து, விமானம் இருக்கும் இடத்தை ரேடாருக்குக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியை இயக்கி, விளக்குகளையும் எரியவிடுங்கள். தாழப் பறக்கும் ஒரு விமானம் கண்ணில் பட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தீயணைக்கும் கலவையைச் சுமந்துவரும் பெரிய டேங்கர் விமானத்துக்கு வழிகாட்டும் சிறு விமானமாக அது இருக்கலாம், டேங்கர் பின்னால் வந்துகொண்டிருக்கும். படம் எடுப்பதற்காகச் சுற்றி வருவது கூடவே கூடாது.

அறிவிப்பு எதுவும் இல்லாத இடத்தில் புகை எழக் கண்டால், இடத்தைக் கட்டுப்பாட்டாளரிடம் தெரிவித்துவிட்டு, காற்று வரும் பக்கமாக வெகுதூரம் விலகிச் செல்லுங்கள். புகை சாயும் பக்கத்தில் பார்வைத் தொலைவு சட்டென்று குறைந்துவிடும்.

கல்யாண வீட்டுக்கு டிரோன் பறக்கவிடும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் தீயின்போது ஒரு டிரோன் மோதி, சி.எல்.-415 ஒன்றின் இறக்கையில் ஓட்டை விழுந்தது. பழுது பார்க்கும்வரை அந்த விமானம் தரையில் நின்றது.

எல்லாம் கேட்டபின் அக்காள் மகன் தன் வழக்கமான பாதையை வரைபடத்தில் தேடினான். வழி தவறாமல் இருக்க அவன் அடையாளமாக வைத்திருந்ததே ஓர் ஏரிதான். அழிப்பானை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான்.