மூலக்கூறுகளின் தன்னமைவு: ஹைட்ரஜன் பிணைப்பை எண்ணுவதில் நேரும் பிழைகள்

பெங்களூரு ஆய்வகங்களில் முனைவர் பட்டத்துக்குச் சேரும் நம் மாணவர்கள் பலர், தானாக ஒன்றுசேரும் மூலக்கூறுகளை வடிவமைக்கும்போது, எத்தனை ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகும் என்று முதலில் எண்ணிவிடுகிறார்கள். எண்ணிக்கை மட்டும் போதாது. மூன்று பிணைப்புகளால் இணையும் ஜோடியில் வழங்கியும் (ஹைட்ரஜனைத் தரும் இடம்) ஏற்பியும் (அதைப் பிடிக்கும் இடம்) மாறிமாறி அமைந்தால், குளோரோஃபார்மில் அதன் சேர்க்கை மாறிலி, அதாவது இணைப்பின் உறுதியைக் காட்டும் எண், ஏறத்தாழ 100 என்ற அளவில்தான் இருக்கும். ஒரு பக்கம் மூன்றும் வழங்கிகளாகவும் எதிர்ப்பக்கம் மூன்றும் ஏற்பிகளாகவும் இருந்தால் அது 1,00,000-ஐத் தாண்டும். பக்கத்துப் பிணைப்புகளின் அணுக்களுக்கிடையே குறுக்காக நிகழும் மின்விசைகளே இதற்குக் காரணம் என்று 1990-இல் வேதியியலாளர் ஜோர்கென்சன் விளக்கினார்.

வடிவத்தை மறப்பது அடுத்த பிழை. பென்சீன் வளையத்தில் இரண்டு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகள் எதிரெதிரே அமைந்த டெரிஃப்தாலிக் அமிலம் நேர்ச்சங்கிலியாகவும், ஓரிடம் விட்டு அமைந்த ஐசோஃப்தாலிக் அமிலம் வளைந்து நெளியும் சங்கிலியாகவும் சேர்கின்றன. மூன்று தொகுதிகள் கொண்ட டிரைமெசிக் அமிலமோ அறுகோண வலையாக விரிகிறது. பிணைப்பு மூன்றிலும் ஒன்றே. ஆனால் அந்த வலையின் துளைகள் காலியாக இருக்கும் என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதிவிடக் கூடாது: டிரைமெசிக் அமிலப் படிகத்தில் வலைகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி அந்த இடத்தை நிரப்பிக்கொள்கின்றன. பின்னாளில் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்த கௌதம் தேசிராஜு 1995-இல் விரித்துரைத்த 'சிந்தான்' (படிகங்களில் மூலக்கூறுகள் திரும்பத் திரும்ப இணையும் அமைப்பு) கருத்தும், ஓர் அமைப்பு அடிக்கடி தோன்றும் என்பதற்கான வழிகாட்டியே அன்றி உத்தரவாதம் அல்ல.

கரைப்பானில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்பாக்சைடு) என்ற கரைப்பானில் எடுத்த என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் அமைடு தொகுதியின் என்-எச் சமிக்ஞை உயர் பிபிஎம் (சமிக்ஞையின் இடத்தைக் குறிக்கும் அளவு) பக்கம் இருப்பதைக் கண்டதும், தன்னமைவு நிகழ்ந்துவிட்டது என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். அங்கே அந்த ஹைட்ரஜனைப் பிடித்திருப்பது பெரும்பாலும் கரைப்பானின் ஆக்சிஜன்தான். டியூட்டிரியக் குளோரோஃபார்மில் கரைசலைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, சமிக்ஞை தாழ் பிபிஎம் பக்கம் நகர்கிறதா என்று பார்ப்பதே முறையான சோதனை. மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து கரைசலைக் கூழாக உறையவைக்கின்றனவா என்று பார்க்கும் ஜெல் சோதனைக்குச் சாதாரணக் குளோரோஃபார்மை எடுத்தால் புட்டியின் லேபிளையும் படியுங்கள்: சிதையாமலிருக்கச் சேர்க்கப்படும் எத்தனால் ஏறத்தாழ ஒரு சதவீதம் இருந்தாலும், உங்கள் மூலக்கூறின் பிணைப்பிடங்களுக்குப் போட்டியாக நிற்கும்.

சூடாக்கிய கரைசலைச் சட்டென்று பனிக்கட்டியில் வைப்பதும் சரியன்று. விரைவில் உருவாகும் அமைப்பே அப்படியே சிக்கிக்கொள்ளும், மிகவும் நிலையான அமைப்பு அதுதானா என்று தெரியாது. மெதுவாகக் குளிர்வித்த மாதிரி ஒன்றையும் அருகிலேயே வைத்து ஒப்பிட வேண்டும்.